சிற்றேடுகளும் விளம்பர வருவாயும்

கோயமுத்தூரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் பெருவழி, வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்ததும் எதிர்ப்படும் தொழிலூர் கஞ்சிக்கோடு ஆகும். வடக்கிலும் தெற்கிலும் மலைகள் ஓங்கி நிற்க, இடைவெளியின் வழியே காற்று வலிந்து வீசுகின்றது. அக்காற்றைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் காற்றாலைகளும் இங்கே உண்டு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை இப்பகுதி சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்த அன்று, இருந்த வீட்டைவிட்டு ஓரடியும் எடுத்து வைக்காமலே இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் வெளிமாநிலத் தமிழராயின. பின்னர்த் தொழிற்சாலைகள் எழுந்தபோது, வேலை நாடி வந்தோரும் அவர்களோடு சேர்ந்தனர். 1976இல் இந்தியத் தொலைபேசித் தொழிலகம் தன் பாலக்காட்டுக் கிளையை இங்கே நிறுவியது; மின்னணுத் தொலைபேசி இணைப்பகக் கருவிகள் இங்கே உருவாயின. தேநீர்க் கடையில் ஒருவர் தமிழில் தொடங்கிய பேச்சை மலையாளத்தில் முடிப்பதை இவ்வூரில் யாரும் வியந்து நோக்குவதில்லை.

இத்தகைய ஊரில் வாழும் தமிழர் ஒருவர், பகலில் தொழிற்சாலைப் பணியும் இரவில் எழுத்துமாக, சிறியதோர் இணையதளம் நடத்துகின்றார் என்று வைத்துக்கொள்வோம். கல்பாத்தித் தேர்த் திருவிழாவைப் பற்றியும், கோவைக்குச் செல்லும் ரயில்களைப் பற்றியும், எல்லையோரத் தமிழ்ப் பள்ளிகளைப் பற்றியும் அவர் எழுதுகின்றார். படிப்போரிடம் காசு கேட்பதில்லை. பக்கத்தின் ஓரத்தில் விளம்பரத்திற்கென்று சிறிது இடம் விட்டிருக்கின்றார். அவ்விடத்தை நிரப்பும் பொறுப்பைக் கூகுள் நிறுவனத்தின் ஆட்சென்ஸ் என்னும் விளம்பரத் திட்டம் ஏற்றுக்கொள்கின்றது. கணக்கில் பத்து டாலர் அளவு சேர்ந்ததும், ஆறு இலக்க எண் ஒன்றை அச்சிட்ட கடிதம் சாதாரணத் தபாலில் அவர் வீட்டு முகவரிக்குப் புறப்படுகின்றது. அவ்வெண்ணை அவர் நான்கு மாதத்திற்குள் பதிவு செய்யாவிடில் விளம்பரம் நின்றுவிடும். இமைப்பொழுதில் உலகைச் சுற்றிவரும் இணையம், தனக்குக் கணக்குள்ளவர் மெய்யாகவே ஒரு வீட்டில் குடியிருக்கின்றாரா என்று அறிய, முடிவில் தபால்காரரையே நம்புகின்றது!

இக்கடிதம் எவ்வழியாகக் கஞ்சிக்கோடு வந்து சேர்ந்தது என்பதை ஆராயின், அச்சு யந்திரம் இந்நாட்டிற்கு வந்த காலத்திலிருந்து தொடங்க வேண்டியதாகின்றது. அதற்கும் முன்னே காவிரிப்பூம்பட்டினத்துக் கடைகளில் கொடி பறந்ததைப் பட்டினப்பாலை சொல்கின்றது. எனினும் அது கடைக்காரர் தம் கடைக்குத் தாமே செய்துகொண்ட அறிவிப்பு. பிறருடைய சரக்கைத் தம் தாளில் அறிவித்து, அதற்குக் கூலி பெற்று வாழும் தொழிலே நம் பொருள்.

1780ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் கல்கத்தாவில் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி என்பவர் இந்தியாவின் முதற் செய்தித்தாளை வெளியிட்டார். அதன் நீண்ட பெயரிலேயே கல்கத்தாவின் பொது விளம்பரத்தாள் என்னும் பொருள்படும் சொற்கள் இருந்தன. அவர் ஆளுநர் நாயகம் வாரன் ஹேஸ்டிங்ஸையும் அவரைச் சூழ்ந்தோரையும் துணிந்து தாக்கி எழுதினார். அரசு அவருடைய விளம்பரங்களைத் தடுக்கவில்லை; அச்சுக்கூடத்தையும் உடனே மூடவில்லை. அவ்வாண்டு நவம்பரில், அவர் தாளைத் தபால் நிலையங்கள் வழியாக அனுப்பக் கூடாது என்று மட்டும் ஆணையிட்டது. எழுதுபவர் ஒருவர், விளம்பரம் தருபவர் ஒருவர், இருவருக்கும் நடுவே தாளைச் சுமந்து செல்பவர் வேறொருவர். சுமப்பவர் கையை விரித்தால் மற்ற இருவரும் செய்வதற்கு அதிகமில்லை. ஹிக்கியின் அச்சுக்கூடம் 1782இல் பறிபோயிற்று. நடுவே நின்ற அந்த மூன்றாமவரை நேயர்கள் நினைவில் கொள்வார்களாக. அவர் மீண்டும் வருவார்.

1833இல் நியூயார்க் நகரில் பெஞ்சமின் டே என்பார், பிற தாள்கள் ஆறு சென்ட்டுக்கு விற்ற காலத்தில், ‘சன்’ என்னும் தம் தாளை ஒரு சென்ட்டுக்கு விற்றார். குறைந்த விலை வாசகரைத் திரட்டும். திரண்ட வாசகர் கூட்டத்தைக் காட்டி வணிகரிடம் விளம்பரம் பெறலாம் என்பது அவர் கணக்கு. அன்று முதல் பத்திரிகை இரண்டு பொருள்களை விற்கலாயிற்று: வாசகருக்குச் செய்தியை, வணிகருக்கு வாசகரை. இவ்வாறு சொல்வது காதுக்கு இனிமையாக இல்லைதான். ஆயினும் நம்மில் பலர் சிறு வயதில் சில அணாவுக்கோ சில ரூபாய்க்கோ நல்ல கதைகளைப் படித்தது இந்த ஏற்பாட்டினால்தான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தென்னாட்டில் இதை நன்குணர்ந்தவர் இருவர். ஒருவர் காசிநாதுனி நாகேசுவர ராவ். ஆந்திர நாட்டிலிருந்து பம்பாய்க்குக் குடியேறிய அவர், 1893இல் அமிர்தாஞ்சனம் என்னும் வலி நிவாரணியைத் தயாரித்து விற்றார்; 1908இல் அதே நகரில் ‘ஆந்திர பத்திரிகை’யைத் தெலுங்கு வார இதழாகத் தொடங்கினார்; 1914இல் அதனைச் சென்னைக்குக் கொணர்ந்து நாளிதழாக்கினார். மருந்தின் வருமானம் பத்திரிகையைத் தாங்கிற்று. விளம்பரதாரரும் ஆசிரியரும் ஒருவரேயாதலால் அவர் யார் கதவையும் தட்ட வேண்டியிருக்கவில்லை. மற்றவர் எஸ். எஸ். வாசன். அவர் எழுத்தின் வழியாகப் பத்திரிகைக்கு வந்தவர் அல்லர். விளம்பரம் சேகரித்துக் கொடுக்கும் முகவராக வந்தவர். 1926இல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கிய ‘ஆனந்த விகடன்’ தளர்ந்திருந்தபோது, 1928இல் வாசன் அதை விலைக்கு வாங்கினார். பெயரிலுள்ள எழுத்து ஒன்றுக்கு 25 ரூபாயாக எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்தார் என்று சொல்வர். எந்தக் கடைக்காரர் எந்த வாசகரைத் தேடுகின்றார் என்பதை அறிந்த ஒருவர் பத்திரிகையை நடத்தினால் என்னாகும் என்பதற்கு விகடனின் வளர்ச்சியே சான்று. பின்னாளில் தீபாவளி மலர்கள் தடிப்பதற்குக் கதைகள் மட்டும் காரணமல்ல. ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும் பாத்திரக்கடைகளும் போட்டியிட்டு இடம் பிடித்தன. 1948இல் பத்திரிகை விற்பனையைத் தணிக்கை செய்து சான்று வழங்கும் அமைப்பு இந்தியாவில் தோன்றியது. விற்காத பிரதிகளையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் அதன் பிறகு கடினமாயிற்று.

இனி, இப்பேச்சைக் கேட்கின்ற, படிக்கின்ற நம்மவரின் நிலைக்கு வருவோம். தில்லிக் கரோல் பாக்கிலும், பம்பாய் மாதுங்காவிலும், கல்கத்தாவின் ஏரிக்கரைப் பகுதியிலும் குடியேறிய தமிழர், ஊர்ப் பத்திரிகை தபாலில் வரும் நாளுக்காகக் காத்திருந்தனர். ஒரே பிரதியைப் பல வீட்டார் கைமாற்றிப் படித்ததும் உண்டு. வாசகர் என்ற வகையில் அவர்களைவிட ஆர்வமுள்ளோர் கிடைப்பது அரிது. ஆனால் விளம்பரதாரரின் கணக்கில் அவர்களுக்கு மதிப்பில்லை. தியாகராய நகர்ப் புடவைக் கடையின் விளம்பரத்தைக் கரோல் பாக்கில் ஒரு குடும்பம் படித்தால், அன்று மாலை அவர்கள் அக்கடைக்குச் செல்ல முடியுமா? கரோல் பாக்கிலுள்ள கடைக்காரரோ சென்னைப் பத்திரிகையில் விளம்பரம் செய்யப்போவதில்லை. அதன் பிரதிகளில் மிகப் பெரும்பகுதி அவருக்குப் பயன்படாத ஊர்களில் அல்லவா விற்கின்றது? எனவே வெளிமாநில வாசகர் பத்திரிகைக்குத் தபால் செலவாக மட்டுமே விளங்கினார். வெளிமாநிலத் தமிழர் தமக்கெனத் தனி ஏடு தொடங்கினாலும் இடையூறு தீரவில்லை. அவர்கள் ஒரு தெருவில் பத்து வீடாகவும், அடுத்த நகரில் இருபது வீடாகவும் சிதறியிருந்தனர். சிதறிய வாசகரை விற்க அச்சு ஏட்டுக்கு வழி தெரியவில்லை.

இதற்குக் கடல் கடந்த உதாரணமும் உண்டு. 1903இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ‘இந்தியன் ஒப்பீனியன்’ தோன்றியபோது அதில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி ஆகியவற்றோடு தமிழ்ப் பகுதியும் இருந்தது. காந்தியடிகள் தம் வழக்கறிஞர் தொழிலின் வருமானத்தை மாதந்தோறும் அதிற் கொட்டினார். 1906இல் தமிழ்ப் பகுதியும் இந்திப் பகுதியும் நின்றன. 1912இல் அவ்விதழ் விளம்பரங்களை ஏற்பதையே விட்டது. விளம்பரம் திரட்டுவதிலும், தருபவரின் முகம் கோணாமல் நடப்பதிலும் நல்ல ஊழியர்களின் உழைப்பு வீணாகின்றது என்பது அவர் கண்ட குறை. அவருக்கு அது கொள்கை. அவரளவு மன உறுதியும் சந்தாதாரரும் இல்லாத சிற்றேடுகளுக்கு விளம்பரமின்மை கொள்கையால் வந்ததன்று. கதவைத் தட்டியும் திறவாததால் வந்தது. 1933இல் தோன்றிய ‘மணிக்கொடி’ பத்தாண்டு நிலைக்கவில்லை. சி. சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை ‘எழுத்து’ இதழைச் சந்தாதாரரை நம்பி நடத்தினார். அந்தத் துன்பத்தைப் பெருமையாக மட்டும் பேசுவது நமக்கு உடன்பாடன்று. அச்சுக்கூலி ஒழுங்காகக் கிடைத்திருந்தால் இலக்கியம் கெட்டிருக்காது.

வானொலியும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. முன்னாளில் வானொலிப் பெட்டி வைத்திருப்போர் தபால் நிலையத்தில் உரிமக் கட்டணம் செலுத்தி வந்தனர். 1950இல் இலங்கை வானொலி வர்த்தக சேவையைத் தொடங்கி, விளம்பரத்தோடு திரைப்பாடல்களையும் வழங்கியபோது, தமிழ்நாட்டு வீடுகள் பல அப்பக்கம் திரும்பின. 1957இல் பிறந்த விவித பாரதி, 1967 நவம்பர் முதல் நாள் தொடங்கி விளம்பரங்களை ஏற்கலாயிற்று.

இணையத்தில் விளம்பரம் 1994ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் தோன்றியது. ‘ஹாட்வயர்டு’ என்னும் அமெரிக்கத் தளத்தில் அன்று வெளியான பட்டை விளம்பரங்களுள் தொலைபேசி நிறுவனமொன்றின் விளம்பரம் இன்றும் பேசப்படுகின்றது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15இல் வந்தது. விளம்பரத்தைச் சொடுக்கினால் மட்டும் கட்டணம், அதுவும் ஏலத்தின் வாயிலாக, என்னும் முறையை 1998இல் ‘கோடூ’ என்னும் தேடல் நிறுவனம் நடைமுறைக்குக் கொணர்ந்தது. கூகுள் 2000இல் தன் தேடல் பக்கத்தில் விளம்பரம் விற்கத் தொடங்கிற்று. 2003 ஜூனில் ஆட்சென்ஸ் திட்டத்தால் அவ்விளம்பரங்களை ஊர்பேர் தெரியாத சிறு தளங்களுக்கும் பகிர்ந்தளித்தது.

இங்கேதான் அச்சு ஏட்டால் ஆகாத ஒன்று ஆகியது. அச்சில் எல்லாப் பிரதிக்கும் ஒரே விளம்பரம். இணையதளத்திலோ பக்கம் திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் விளம்பர இடம் தனியாக ஏலத்திற்கு வருகின்றது. படிப்பவர் எந்நகரில் இருக்கின்றார், எந்த மொழிப் பக்கத்தைத் திறந்துள்ளார், முன்பு எவற்றைத் தேடினார் என்பவற்றைக் கொண்டு, கண்ணிமைக்கும் முன் ஏலம் முடிந்து விளம்பரம் வந்து அமர்கின்றது. கஞ்சிக்கோட்டில் எழுதப்பட்ட கல்பாத்தித் தேர்த் திருவிழாக் கட்டுரையைத் தில்லியில் ஒருவர் திறந்தால் அவருக்குத் தில்லிக் கடை விளம்பரம் தோன்றலாம். புனேயில் திறப்பவருக்குப் புனேக் கடை. அதே பக்கத்தை எழுதியவரே தம் வீட்டில் திறந்தால், திருச்சூர் நகைக்கடை மலையாளத்தில் அழைக்கவும் கூடும். தபால் செலவாக மட்டும் இருந்த வெளிமாநில வாசகர், தாம் வாழும் நகரத்தின் வணிகருக்கு வேண்டியவராகி, அதனால் தாய்மொழியில் எழுதுபவருக்குச் சில பைசா ஈட்டிக் கொடுப்பவரானார். சிதறியிருத்தல் என்னும் பழைய குறை, கணக்கில் குறையாக நிற்கவில்லை.

ஆயினும் இப்பயன் தமிழுக்கு உடனே கிட்டவில்லை. பதினைந்தாண்டு கழிந்தே கிட்டியது. பக்கத்தின் பொருளுக்கு ஏற்ற விளம்பரத்தைத் தேர்ந்தெடுக்க யந்திரம் அப்பக்கத்தைப் படித்தாக வேண்டும். தொடக்க காலத் தமிழ்த் தளங்கள் பல தத்தமக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் தமிழ்ப் பக்கம் பொருளற்ற ரோமன் எழுத்துகளின் குவியலாகத் தோன்றும். யந்திரத்தின் கண்ணுக்கும் அது குவியல்தான். யுனிகோடு என்னும் பொதுக் குறியீட்டில் தமிழ் 1991 முதலே இடம் பெற்றிருந்தும், அதனை எல்லாரும் கைக்கொள்ள ஆண்டுகள் பல சென்றன. இது நம் பக்கத்துக் குறை; மறைப்பதில் பயனில்லை.

மற்றக் குறை நடுவே நிற்பவருடையது. யுனிகோடு பரவிய பிறகும், விளம்பரத் திட்டம் ஏற்கும் மொழிகளின் பட்டியலில் தமிழ் சேரவில்லை. 2004இல் ‘தமிழ்மணம்’ என்னும் திரட்டி தோன்றி வலைப்பதிவுகளை ஒரு முற்றத்தில் கூட்டியது. உலகின் பல மூலைகளிலிருந்தும் தமிழர் எழுதிக் குவித்தனர். அவர்களுக்கு ஊதியம் இல்லை. ஆங்கிலத்தில் சில பக்கங்களை எழுதி அனுமதி பெற முயன்றவர்களும் உண்டு. ஏற்கப்படாத மொழியில் விளம்பரம் இடுவது விதிக்கு முரண் என்பதால் அவ்வழி ஐயத்துக்குரியதாகவே இருந்தது. இந்தி 2014 இறுதியிலும் வங்காளம் 2017இலும் பட்டியலில் ஏறின. 2017இல் கூகுளும் கே.பி.எம்.ஜி. நிறுவனமும் வெளியிட்ட அறிக்கை, இந்திய மொழிகளுள் தம் மொழியில் இணையத்தைப் பயன்படுத்துவோர் விகிதத்தில் தமிழர் 100க்கு 42 என முதலிடத்தில் உள்ளனர் என்று கூறியது. முதலிடத்து மொழி அப்போதும் பட்டியலில் இல்லை! 2018 பிப்ரவரியில்தான் தமிழ் சேர்க்கப்பட்டது. தெலுங்கும் அவ்வாண்டே சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் எழுதிச் சலித்து நிறுத்தியோரின் கணக்கை யார் எடுத்தனர்?

இதற்கு மாறான வழியிற் சென்றோரையும் குறிப்பிட வேண்டும். 2002இல் விக்கிப்பீடியாவில் விளம்பரம் வரக்கூடும் என்ற பேச்சு எழுந்தபோது, ஸ்பானிய மொழிப் பிரிவினர் பலர் வெளியேறித் தனிக் கலைக்களஞ்சியம் தொடங்கினர். விக்கிப்பீடியா விளம்பரம் ஏற்காமல் நன்கொடையால் நடந்து வருகின்றது. அதன் தமிழ்ப் பிரிவு 2003இல் பிறந்தது.

ஊதியத்தின் அளவைப் பற்றி மிகையான கற்பனை வேண்டா. அச்சு உலகில் விளம்பர முகவர் 100 ரூபாய்க்கு 15 ரூபாயைத் தரகாகக் கொள்வது நெடுங்கால வழக்கம். ஆட்சென்ஸ் திட்டத்தில் தளத்தாரின் பங்கு எவ்வளவு என்பதே 2010 வரை வெளியிடப்படவில்லை. அவ்வாண்டு, பக்கங்களில் இடும் விளம்பரத்திற்கு 100க்கு 68 என்று அறிவித்தனர். 2024இல் கணக்கிடும் முறை மாறி, சொடுக்குக்குப் பதிலாகக் காட்சிக்குப் பணம் என்றாயிற்று. தளத்தாரின் பங்கு ஏறத்தாழ அதே அளவில் நிற்கின்றது என்கின்றனர். விளம்பரம் தேடல், பொருத்துதல், கணக்கு, பணம் அனுப்புதல் யாவும் அவர்கள் வேலையாதலால் எஞ்சிய 32ஐ முழுக் கொள்ளை என்று நாம் கூறோம். ஆனால் வாசகரை எண்ணுபவரும் ஏலம் விடுபவரும் பங்கு பிரிப்பவரும் ஒருவரே. 1948இல் பத்திரிகைகளுக்கு ஏற்பட்டது போன்ற பொதுத் தணிக்கை, கஞ்சிக்கோட்டுத் தளத்தாரின் கைக்கெட்டும் இடத்தில் இல்லை. உறவினர் அன்பு மிகுந்து விளம்பரங்களை ஓயாது சொடுக்கினால், அது முறையற்ற சொடுக்கென்று கருதப்பட்டு அவருடைய கணக்கு மூடப்படலாம். முறையீடு செய்ய ஒரு படிவம் உண்டு. பேசுவதற்கு ஆள் கிடைப்பது அரிது.

2025 ஏப்ரலில் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, தளத்தார் விளம்பர இடத்தை விற்கும் கருவியிலும் ஏலச் சந்தையிலும் கூகுள் சட்டத்திற்கு மாறாக ஏகபோகம் கொண்டுள்ளது என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கு பெரிய தளங்கள் பயன்படுத்தும் கருவிகளைப் பற்றியது. சிறு தளத்தாருக்கு அதனால் உடனே கிடைத்தது ஒன்றுமில்லை. அவருக்கு நேரும் இடர் வேறு திசையிலிருந்து வருகின்றது. முன்பு ஒருவர் தேடினால், விடையுள்ள தளத்தின் முகவரி கிடைக்கும். அவர் அங்கே சென்று படிப்பார். 2024 முதல், செயற்கை நுண்ணறிவு பல தளங்களைப் படித்துத் தொகுத்த விடையைத் தேடல் பக்கத்தின் தலையிலேயே வைக்கின்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் அது இந்தியாவிற்கும் வந்தது. கேள்விக்கு விடை கிடைத்தவர் தளத்திற்குப் போவானேன்? போகாவிடில் ஏலமில்லை, ஏலமில்லாவிடில் பைசாவுமில்லை. ஹிக்கியின் தாளைத் தபால் நிலையம் எடுத்துச் செல்ல மறுத்தது. இப்போதோ தாளைப் பிரித்துப் படித்து, விஷயத்தை வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுகின்றார்கள். ரயில் நேரத்தைச் சொல்லும் பக்கம் இதனால் முதலில் பாதிக்கப்படும். தேர் இழுத்தவர்களோடு நின்று எழுதிய கட்டுரைக்கு அவ்வளவு விரைவில் மாற்றுக் கிடைக்காது என்று நாம் கருதுகின்றோம். இக்கருத்து தவறாகவும் போகலாம்.

வாளையாற்றில் முன்னர்ச் சரக்கு லாரிகள் வரிசையாய்க் காத்துக் கிடந்த வணிகவரிச் சாவடியின் வேலை, 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபின் முடிந்தது. தில்லிக் கடைக்காரரின் விளம்பரக் காசு கஞ்சிக்கோட்டுக்கு வருவதற்கு முன்னும் சாவடி இருந்ததில்லை. அதற்கென்று உள்ள ஒரே தடை நூறு டாலர் என்னும் வரம்பு. கணக்கில் அத்தொகை நிரம்பிய மாதத்திற்கு அடுத்த மாதம், 21ஆம் தேதிக்கும் 26ஆம் தேதிக்கும் இடையே பணம் வங்கிக்குப் புறப்படுகின்றது. நிரம்பாத மாதங்களில் இருப்பு அப்படியே அடுத்த மாதத்திற்குத் தள்ளி எழுதப்படுகின்றது. சிறு தமிழ்த் தளங்களுக்கு ஆண்டில் அத்தகைய மாதங்களே மிகுதி.